விடை வந்து சேரும் படிப்பு: நரம்பியல் கதிரியல் மேற்பயிற்சி குறித்து

எம்.டி. கதிரியல் முடித்த இந்திய மருத்துவர் ஒருவர் மூளை, தண்டுவடப் படங்களில் தனித்தேர்ச்சி பெற விரும்பினால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலோ பெங்களூரு நிமான்சிலோ மூன்றாண்டு டி.எம். படிப்பில் சேரலாம். படம் பார்த்து நோயறிவதும், இரத்தக்குழாய் வழியே குழல் செலுத்திச் சிகிச்சை செய்வதும் அங்கே ஒரே படிப்புக்குள் வருகின்றன. அமெரிக்கா இவற்றைப் பிரித்துவிட்டது. நோயறிதலுக்கு ஓராண்டு ஃபெலோஷிப்; சிகிச்சைக்குத் தனிப் பயிற்சி. அந்தத் தனிப் பயிற்சிக்குள் நரம்பியல் மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும்கூட நுழையலாம்.

இரண்டில் எது சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் பாடச்சுமையைப் பற்றியதாகவே நடக்கிறது. ஒரே ஆளால் இவ்வளவும் கற்க முடியுமா என்கிறது ஒரு தரப்பு. நிபுணர்கள் குறைந்த நாட்டில் ஒருவரே இரண்டையும் செய்தாக வேண்டும் என்கிறது மறுதரப்பு. இரு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பயிற்சி மருத்துவர் இன்று எழுதும் ரிப்போர்ட் சரியா தவறா என்பது அவருக்கு எப்போதாவது தெரியவருகிறதா? தெரியவரும் வழிகள் எங்கே கூடுதலோ அந்தப் படிப்பே மேலானது என்பது என் வாதம்.

இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. வலிப்போடு வரும் நோயாளியின் சி.டி. படத்தில் வளையம்போல் ஒளிரும் சிறு புள்ளி ஒன்று தெரியும். 1980களில் இந்தியாவில் அதைக் காசநோய்க் கட்டி என்று கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் இத்தகைய புள்ளிகளை அறுவை மூலம் எடுத்துத் திசுவைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமே காரணம் என்று தெரிந்தது. 1989இல் இது லான்செட் இதழில் வெளியாயிற்று. 1993இல் நோயாளியின் நிலையையும் படத்தையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோல்களை அதே குழு வகுத்தது: ஒற்றைப் புள்ளி, 20 மி.மீ.க்கு மேற்படாத அளவு, மூளையின் நடுக்கோட்டை நகர்த்தாத வீக்கம், மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி இல்லாமை, படிப்படியாக மோசமாகும் நரம்புக் குறைபாடு இல்லாமை. இன்று அந்த அளவுகோல்களைக் கொண்டு, கத்தி வைக்காமலேயே பலருக்கு நோயைத் தீர்மானிக்கிறோம். ஆனால் அந்த 20 மி.மீ. படத்தை மட்டும் உற்றுப் பார்த்து எழுதிய எண்ணல்ல. நோய்க்கூறியல் மேசையிலிருந்து விடை திரும்பி வந்ததால்தான் படத்துக்கு அந்தப் பொருள் கிடைத்தது.

ஒருங்கிணைந்த படிப்பில் விடை திரும்பி வருவதற்கு இன்னொரு வாசல் உண்டு, அதுதான் குழல்வழிச் சிகிச்சை நடக்கும் கேத் லேப். தண்டுவட உறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்துவிடும் ஃபிஸ்டுலாவை எடுத்துக்கொள்வோம். நடுவயது தாண்டிய ஆண்களுக்கே மிகுதியாக வரும். கால்கள் மெல்லத் தளரும், சிறுநீர்க் கட்டுப்பாடு போகும். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் வீங்கித் தெரிவதால் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுப்பதும், அதில் சிலருக்குக் கால்கள் சட்டென்று செயலிழப்பதும் நடக்கின்றன. தண்டுவடத்தின் பின்புறம் புழு ஊர்ந்ததுபோல் கறுப்பாக நெளியும் சிரைகளே துப்பு. அவை மிக மெல்லியவை. தேடுபவர் கண்ணுக்கே படும். ஒவ்வொரு விலா இடைத்தமனியாகக் குழலை நுழைத்து, மணிக்கணக்கில் நின்று அந்த இணைப்பைக் கண்டுபிடித்து அடைத்தவர், அடுத்த எம்.ஆர்.ஐ.யில் அந்த நெளிவைத் தேடாமல் இருக்கமாட்டார். பாடநூலில் வாசித்தவருக்கும் இது தெரியும்தான். ஆனால் இரவு டியூட்டியில், வரிசையில் இன்னும் முப்பது படங்கள் காத்திருக்கும்போது நினைவுக்கு வருமா?

இந்த வாசலே இப்போது வேறொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. 2015இல் எம்.ஆர். கிளீன் ஆய்வு வெளிவந்து, மூளைத் தமனியை அடைத்த உறைகட்டியைக் குழல்வழி அகற்றுவதன் பயன் நிலைநாட்டப்பட்டது. 2018இல் டான், டிஃப்யூஸ் 3 ஆய்வுகள் தகுந்த நோயாளிகளுக்கு அச்சிகிச்சைக்கான கால எல்லையை நீட்டின. முன்னதில் அது 24 மணி நேரம் வரை சென்றது. பேச முடியாமல் வந்தவர் மறுநாள் பேசுவதைக் கண்ட இளம் மருத்துவரைப் படம் பார்க்கும் இருட்டறைக்குத் திரும்ப அழைப்பது எளிதல்ல. அவரைக் குறைசொல்லவும் முடியாது. ஆயினும் நீண்ட அந்தக் கால எல்லையே படத்தை நம்பித்தான் நிற்கிறது. எவ்வளவு மூளைத்திசு செத்துவிட்டது, எவ்வளவு மீட்கத்தக்கது என்பதைக் கணித்த பிறகே குழலை எடுக்கிறோம். மென்பொருள் ஒரு எண்ணைத் தருகிறதே என்பார்கள். நோயாளி தலையை அசைத்தாலும், இதயம் பலவீனமாகி ஊசிமருந்து மெதுவாக வந்தாலும் அந்த எண் தப்பும். தப்பியதை அறிய, எளிய சி.டி.யில் இன்சுலாவின் விளிம்பு மங்கியிருக்கிறதா என்று தானே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிகப் படங்களைப் பார்க்க வைத்தால் போதும், திறமை தானாக வரும் என்ற எதிர்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அரிய நோய்கள் கண்ணில் பட எண்ணிக்கை வேண்டும். ஆனால் முடிவு தெரியாமல் ஆயிரக்கணக்கில் எழுதுபவருக்கு வளர்வது துணிச்சல். துல்லியமும் கூடவே வளரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நோயாளிகள் தொலைவிலிருந்து வந்து திரும்பிப் போய்விடுகிறார்கள், அறுவை வேறெங்கோ நடக்கிறது என்ற நடைமுறைத் தடை இன்னும் கனமானது. அதை முழுமையாக நீக்க முடியாது. ஆயினும் நிமான்ஸ் போன்ற வளாகத்தில் மூளைத் திசு வங்கியே இருக்கிறது. ஆய்வுக்குப் பயன்படும் அதைப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம்.

தேவைப்படும் மாற்றம் பெரிதல்ல. பயிற்சிக் குறிப்பேட்டில் எத்தனை ஆஞ்சியோகிராம், எத்தனை காயில் என்று எண்ணும் பக்கங்களோடு, பின்னர் வந்த முடிவால் திருத்தப்பட்ட ரிப்போர்ட்டுகளுக்கும் ஒரு பக்கம் வேண்டும். அதைப் பார்த்துத் தண்டிப்பதில்லை என்ற உறுதியும் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பக்கங்களும் காலியாகவே வரும். இறுதித் தேர்வில் மாணவர் முன் புதிய படம் ஒன்றை வைப்பதோடு, முதலாண்டில் அவரே எழுதிய ரிப்போர்ட்டையும் அதற்குப் பின் வந்த பயாப்சி முடிவையும் சேர்த்து வைத்து, அன்று எதைப் பார்க்கத் தவறினீர்கள் என்று தேர்வாளர் கேட்கலாம்.