உதய் சங்கர்: மேடை நடனத்தைத் திரைக்குக் கொண்டு சென்ற கலைஞர்

இந்திய மேடை நடனத்தை உலக அரங்குகளுக்குக் கொண்டு சென்றவர் நடன அமைப்பாளர் உதய் சங்கர் (1900-1977). பிறகு அதே நடனத்தைத் திரைப்படமாகவும் பதிவு செய்தார். அவர் இயக்கிய ஒரே முழுநீளத் திரைப்படமான 'கல்பனா', சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவானது.

ஓவியத்திலிருந்து நடனத்துக்கு...

ராஜஸ்தானின் உதய்பூரில் 1900 டிசம்பர் 8-ஆம் தேதி வங்காளக் குடும்பத்தில் பிறந்த உதய் சங்கர், லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். இளமையில் எந்தச் செவ்வியல் நடனத்தையும் அவர் முறையாகக் கற்கவில்லை.

லண்டனில் ரஷிய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தது அவரது பாதையை மாற்றியது. இந்தியக் கருப்பொருளில் பாவ்லோவாவுக்காக இரு நடனங்களை அமைத்த அவர், 1923-இல் 'ராதா-கிருஷ்ணா' நடனத்தில் பாவ்லோவாவுடன் இணைந்து ஆடினார்.

பின்னர் ஸ்விட்சர்லாந்து சிற்பி ஆலிஸ் போனரின் துணையுடன் சொந்தக் குழுவை அமைத்தார். பாரிஸில் 1931-இல் அரங்கேறிய அக்குழு ஐரோப்பா, அமெரிக்காவில் பயணம் செய்தது. அவரது இளைய சகோதரர் ரவி சங்கர் சிறுவனாக இக்குழுவில் சேர்ந்தார். குழுவுடன் பயணித்த உஸ்தாத் அலாவுதீன் கானிடம் சிதார் கற்கும் வாய்ப்பு ரவி சங்கருக்கு இதன் மூலமே கிடைத்தது.

அல்மோரா மையம்

1930-களின் இறுதியில் இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோராவில் கலாசார மையம் ஒன்றை அவர் தொடங்கினார். கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, பரதநாட்டியத்துக்கு கந்தப்ப பிள்ளை, மணிப்புரிக்கு அம்பி சிங், இசைக்கு அலாவுதீன் கான் ஆகியோர் அங்கு ஆசிரியர்களாக இருந்தனர். இவர்களில் கந்தப்ப பிள்ளை, பரதநாட்டியக் கலைஞர் டி.பாலசரஸ்வதியின் குரு. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற குரு தத் இம்மையத்தின் மாணவர். நடிகை ஜோஹ்ரா சேகல் இங்கு பணியாற்றினார்.

வெண்திரையில் கலைஞர்களின் நிழல்களை விழச் செய்து நிகழ்த்திய ராமலீலை, ஆலைத் தொழிலாளர்களைக் கருவாகக் கொண்ட 'உழைப்பும் இயந்திரமும்' ஆகியவை இக்காலப் படைப்புகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிதி நெருக்கடியால் மையம் மூடப்பட்டது.

ஜெமினியில் 'கல்பனா'

மையம் மூடப்பட்ட பிறகு உதய் சங்கர் திரைப்படத்தின் பக்கம் திரும்பினார். இமயமலையில் கலை மையம் அமைக்கக் கனவு காணும் நடனக் கலைஞனின் கதையே 'கல்பனா'. வசூலை மட்டுமே கருதும் தயாரிப்பாளரிடம் எழுத்தாளர் ஒருவர் இக்கதையைக் கூறுவதாகப் படம் அமைந்துள்ளது.

உதய் சங்கரும் அவரது மனைவி அமலா சங்கரும் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். கே.ராம்நாத் ஒளிப்பதிவு செய்ய, விஷ்ணுதாஸ் ஷிராலி இசையமைத்தார். பின்னாளில் 'நாட்டியப் பேரொளி' எனப் போற்றப்பட்ட பத்மினி தோன்றிய முதல் படமும் இதுவே.

மேடை நிகழ்ச்சியை எதிரே நின்று படமெடுக்கும் வழக்கத்தை உதய் சங்கர் பின்பற்றவில்லை. கேமரா கோணம், ஒளி-நிழல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும் காட்சிகள் ஆகியவற்றையும் நடன அமைப்பின் பகுதியாக்கினார். அதே ஸ்டூடியோவில் உருவாகி அதே 1948-ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில் 'கல்பனா'வின் தாக்கம் இருப்பதாகத் திரை ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

எனினும், 'கல்பனா' வணிகரீதியில் தோல்வியடைந்தது. அதன்பின் உதய் சங்கர் வேறு முழுநீளத் திரைப்படத்தை இயக்கவில்லை.

மீண்டும் மேடை

1970-களின் தொடக்கத்தில் 'சங்கர்ஸ்கோப்' நிகழ்ச்சி மூலம் மேடையையும் திரையையும் அவர் மீண்டும் இணைத்தார். திரையில் தெரியும் கலைஞர்கள் அடுத்த கணம் மேடையில் தோன்றும் உத்தி அதில் கையாளப்பட்டது. 1971-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1977 செப்டம்பர் 26-ஆம் தேதி கொல்கத்தாவில் காலமானார்.

மேடை நடனம் நிகழும் கணத்தோடு முடிந்துவிடுவது. உதய் சங்கரின் நடன அமைப்பை இன்றைய தலைமுறை விரிவாகக் காண முடிவது 'கல்பனா' மூலமே. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளையின் முயற்சியால் இப்படம் சீரமைக்கப்பட்டு, 2012-இல் கேன்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 90 வயதைக் கடந்திருந்த அமலா சங்கர் அதில் நேரில் பங்கேற்றார்.