ஐம்பது இலட்சம் ரூபா வரம்பும் திருகோணமலைச் சிறு ஒப்பந்தக்காரரும்

திருகோணமலை மாவட்டத்தில் அரச வேலைகள் உள்ளூர்ச் சிறு நிறுவனங்களின் கைக்கு வராமல் போவது ஏன் என்ற கேள்விக்கு, இதுவரை எழுதியோர் இரண்டு விடைகளையே மாறிமாறித் தந்திருக்கிறார்கள். ஒன்று, ஆற்றல் குறைவு. போர்க்காலத்தில் கணக்கெழுதும் பழக்கமும் தொழில்நுட்ப மேற்பார்வையும் அறுந்துபோயின, பயிற்சி கொடுத்தால் நிலைமை சீர்ப்படும் என்பது அதன் சாரம். மற்றது, செல்வாக்கு. வேலை யாருக்கென்று முன்னரே தீர்மானமாகிவிடுகிறது, கேள்விப்பத்திரம் கோருவது வெறும் சடங்கு என்பார்கள். இரண்டையும் முழுப் பிழை என்று தள்ள முடியாது. ஆயினும் இரண்டுமே கேள்விப்பத்திரத்தைப் பிரித்துப் படிக்காமல் சொல்லக்கூடிய விடைகள். அந்தப் பத்திரங்களில் ஏறத்தாழ எப்போதும் இடம்பெறும் ஒரு வரியை இரு சாராரும் கடந்து சென்றுவிட்டனர். கேள்வித் தொகை 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்படின், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழான பதிவுச் சான்றிதழை இணைக்க வேண்டும் என்பதே அந்த வரி. இதனை ஊழல் தடுப்பின் சிறு நடைமுறை என்று அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடும் வாசிப்போடு இக்கட்டுரை முரண்படுகிறது. இன்று அது சிறு நிறுவனத்தின் வளர்ச்சிப் பாதையின் குறுக்கே நிற்கும் படலை என்பதே என் வாதம்.

இந்த வாதத்தைச் சோதிக்கத் திருகோணமலை பொருத்தமான களம். இங்கே வாங்குவோருக்குப் பஞ்சமில்லை. துறைமுக அதிகாரசபை, கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம், சீனன்குடா விமானப்படைத் தளம், கச்சேரி, பிரதேச செயலகங்கள் எல்லாம் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்டு 2007 முதல் தனியே இயங்கும் கிழக்கு மாகாண நிர்வாகத்தின் தலைமையிடமும் இதுவே. ஆகவே வேலை இல்லாமை காரணமன்று. செல்வாக்கு வாதத்துக்கும் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் புதிய தேர்தல் நடக்கவில்லை; நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடக்கிறது. மாகாண சபை உறுப்பினரின் கைதான் கதவைத் திறந்து மூடியது என்றால், அந்தக் கை விலகியபின் கதவு வேறு மாதிரி அசைந்திருக்க வேண்டும். அசைந்ததாக யாரும் காட்டவில்லை. (சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும், 2022 ஜனவரி உடன்படிக்கையில் அவை பங்கிடப்பட்ட விதம் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தாங்கிகளைச் சுற்றிப் புதர் வெட்டும் வேலையும் மதில் கட்டும் வேலையும் யாருக்குப் போகின்றன என்று கேட்டவர் அரிது. இம்மாவட்டத்தைப் பற்றிய எழுத்தின் பொதுக் குறை இது.)

சட்டத்துக்கு வருவோம். முழுமையாகப் படிப்பவருக்கு அதன் இலக்கு ஐயமின்றித் தெரியும். கேள்விதாரருக்காகச் செயற்படும் முகவர், உபமுகவர், பிரதிநிதி, பெயராளர் ஆகியோரைப் பதிவுக்குள் கொண்டுவருவதே அதன் மையம். கம்பனிப் பதிவாளரே பொது ஒப்பந்தங்களின் பதிவாளராகவும் இருக்கிறார். 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின், மகாவலி போன்ற பெருந்திட்டங்களில் வெளிநாட்டு நிறுவனங்கள் கொழும்பு முகவர்கள் வழியாக வேலை பெற்ற காலத்தின் சட்டம் இது. திரைக்குப் பின்னால் தரகு வாங்குபவரைப் பெயரோடு வெளியே நிறுத்துவது அதன் நோக்கமாக இருந்திருக்கலாம் என்று கொள்வதில் பெரிய துணிச்சல் ஒன்றுமில்லை. முகவரைப் பற்றியே இத்தனை பேசும் ஒரு சட்டத்தை வேறெப்படி வாசிப்பது? அப்படியானால் 50 இலட்சம் என்ற எல்லை, தரகு வைத்துக்கொள்ளத் தகுந்த அளவு பெரிய ஒப்பந்தத்தையும் அப்படியல்லாததையும் பிரிக்கப் போட்ட கோடு.

அந்தக் கோடு இன்று எங்கே விழுகிறது என்பதே இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு. அதற்குச் சிறு கணக்கே போதும். 1987இல் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 29 ரூபா. ஆகவே 50 இலட்சம் ரூபா ஏறக்குறைய ஒரு இலட்சத்து எழுபதாயிரம் டொலர். இன்று டொலர் 300 ரூபாவை அண்டி நிற்கிறது. அதே 50 இலட்சம் பதினேழாயிரம் டொலருக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2022இன் சில வாரங்களுக்குள் ரூபா 200 சொச்சத்திலிருந்து 360 வரை வீழ்ந்தபோது மட்டும் கோட்டின் உண்மைப் பெறுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்தது. அன்று பாலமோ பெரிய கட்டடமோ கட்டுபவரைக் குறிவைத்த எல்லைக்குள் இன்று கிண்ணியாவிலோ மூதூரிலோ சில நூறு மீற்றர் கொங்கிறீட் வீதி போடுபவரும், இரண்டு வகுப்பறைக்கு ஓடு மாற்றுபவரும் வந்து விழுகிறார்கள். இதைவிட முக்கியமானது இன்னொன்று. பெறுகைக் குழுக்களின் அதிகார எல்லைகளைத் திறைசேரி பலமுறை உயர்த்தியிருக்கிறது. விலைவாசி ஏறினால் அதிகாரியின் வரம்பும் ஏறுகிறது. கேள்விதாரரின் தலைக்கு மேலுள்ள வரம்பு மட்டும் 1987இலேயே நிற்கிறது. இதனை வெறும் மறதி என்று விளக்கலாம். ஆனால் மறதி எப்போதும் ஒரே பக்கத்தாரையே பாதிக்குமானால் அதற்கும் ஒரு விளக்கம் வேண்டும்.

டொலரில் அளப்பது தவறு, மேசனின் கூலி டொலரில் போவதில்லை என்று மறுக்கலாம். கூலியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கம்பி, தார், டீசல் எல்லாம் நாணய மாற்றைப் பின்தொடர்பவை. சீமெந்து துறைமுகத்தின் கரையிலேயே அரைக்கப்பட்டாலும் அதன் விலையும் அப்படித்தான். இன்னொரு மறுப்பு கனமானது: இது ஒரு படிவம், ஒரு சிறு கட்டணம், இதற்காகவா ஒரு நிறுவனம் தோற்கும்? கேள்வி திறக்கும் அறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். குறித்த நேரம் முடிந்தவுடன் பெட்டி திறக்கப்படுகிறது. பிந்தி வந்த உறை திறக்கப்படாமலே திரும்பிப் போகும். மூலமும் பிரதியும் வெவ்வேறு உறைகளில் இருக்கின்றன. வந்திருப்பவர்கள் முன்னிலையில் பெயரும் தொகையும் உரத்து வாசிக்கப்படுகின்றன. கேள்விப் பிணை உண்டா என்பதும் பதியப்படுகிறது. ஆகக் குறைந்த தொகை யாருடையது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேலை யாருக்கு என்பது அப்போது தெரியாது. விலையைத் தொடுமுன் மதிப்பீட்டுக் குழு தாள்களையே பார்க்கிறது: நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் தரப்பதிவு, பிணையின் செல்லுபடிக் காலம், கையொப்ப அதிகாரம், பொது ஒப்பந்தப் பதிவு. தாள் குறைந்த கேள்வி இணக்கமற்றதென ஒதுக்கப்பட்டால் அதன் விலை எவ்வளவு குறைவென்பது பொருட்டன்று. தேசிய போட்டிக் கேள்விக்கு 2006 பெறுகை வழிகாட்டிகள் கொடுத்த ஆகக் குறைந்த காலம் 21 நாட்கள். விளம்பரத்தைக் கண்டபின் ஓடத் தொடங்குபவர் அந்த 21 நாட்களுக்குள் அளவீட்டு விலைப்பட்டியலையும் நிரப்ப வேண்டும், வங்கியிலும் காத்திருக்க வேண்டும், 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பின் பதிவுக் காரியத்தையும் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இதற்கென எழுதுநர் ஒருவர் இருப்பார். சிறு நிறுவனத்தில் எழுதுநர், மேற்பார்வையாளர், லொறி பிடிப்பவர் எல்லாம் உரிமையாளர் ஒருவரே. ஆகவே கட்டணத்தின் அளவைப் பேசுவது வீண்.

இதிலிருந்து ஓர் அனுமானம் பிறக்கிறது. அனுமானம் என்ற அளவிலேயே அதை முன்வைக்கிறேன். உண்மைச் செலவு 52 இலட்சம் வரும் வேலைக்குப் பதிவில்லாத ஒருவர் கேள்வி போடும்போது, 49 இலட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கும் தூண்டுதல் அவருக்கு இருக்கிறது. இறங்கினால் வேலை கிடைக்கலாம், இலாபம் கிடைக்காது. பிறகு சீமெந்தைக் குறைத்தார், வேலையை இடையில் விட்டார் என்ற குற்றச்சாட்டு வரும். அதையே ஆற்றல் குறைவுக்குச் சான்றாக ஆய்வாளர் எடுத்துக்கொள்வார். வரம்பு உண்டாக்கிய விளைவு வரம்பை நியாயப்படுத்தும் சான்றாகத் திரும்பி வருவது இப்படித்தான். இந்த அனுமானம் சரியானால், கேள்வி திறப்புப் பதிவேடுகளில் தொகைகள் 50 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே நெருங்கிக் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லையென்றால் என் வாதத்தின் இந்தப் பகுதி விழுந்துவிடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பதிவேடுகளைக் கோரலாம். தோற்ற ஒப்பந்தக்காரரும் தன் கேள்வி ஏன் தோற்றதென்று கேட்க அதே வழியைப் பயன்படுத்தலாம். அடுத்த கேள்வியை வெல்ல அதைவிட மலிவான பாடம் இல்லை.

வரம்பைத் தாண்டியவருக்கு அடுத்து வருவது கைப்பணத்தின் சோதனை. ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 இலட்சம் ரூபா வேலைக்கு 5 சதவீதச் செயலாற்றுகைப் பிணை என்றால் 3 இலட்சம். வீடோ காணியோ ஈடு வைக்க இல்லாதவரிடம் வங்கி அதைக் காசாகவே கேட்கும். இடைக்கால பில் ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் பிடிக்கப்பட்டு, மொத்தத் தொகையின் 5 சதவீதம் சேரும்வரை அது தொடர்ந்தால், மேலும் 3 இலட்சம். அதில் பாதி வேலை முடிந்து ஒப்படைத்த பிறகும், மற்றப் பாதி குறைபாட்டுப் பொறுப்புக் காலமாகிய ஓராண்டு கழித்துமே வரும். 20 சதவீதம் வரை முற்பணம் உண்டென்பார்கள். அதற்கும் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். ஆக இலாபமாக எதிர்பார்த்தது முழுவதும் பிறர் கையில் உறங்குகிறது. 2022 நெருக்கடியில் திறைசேரி மூலதனச் செலவை நிறுத்திப் பில்கள் தேங்கியபோது முதலில் மூழ்கியவர்கள் இத்தகைய சிறியவர்களே. ஈடில்லாத ஒப்பந்தக்காரருக்கென நிர்மாண உத்தரவாத நிதியம் இருக்கிறது. அது இருப்பதை அறிந்தவர் இம்மாவட்டத்தில் எத்தனை பேர் என்பது தனியே ஆராயத் தக்கது.

இங்கே முந்தைய ஆய்வுகளின் விருப்பமான மருந்தொன்றைத் தொடாமல் போக முடியாது. சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மீனவர் சங்கங்கள் வழியாகச் சிறு வேலைகள் கேள்வியின்றி நேரடியாகக் கொடுக்கப்பட்டன. 2006 வழிகாட்டிகளும் சமூகப் பங்கேற்புக்கு இடம் கொடுத்தன. சிறியவர் நுழையும் வாசல் இதுவே என்று பலர் பாராட்டினர். வேலை நடந்தது, கூலி ஊரிலேயே தங்கியது. அந்த அளவில் பாராட்டு நியாயமே. ஆனால் வேலை முடிந்ததற்கான கடிதம் யார் பெயரில் எழுதப்படுகிறது? சங்கத்தின் பெயரில். கல் வைத்த மேசனுக்கோ, கலவை இயந்திரம் கொண்டுவந்த பாஸுக்கோ அனுபவச் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை. நாளை அவர் சொந்தப் பெயரில் தரப்பதிவுக்குப் போனால் கடந்த ஐந்தாண்டு வேலை விபரத்தைக் கேட்பார்கள்; காட்ட ஒன்றும் இராது. கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக்கு வேலை தெரியும், பதிவு இல்லை. சங்க ஒப்பந்தம் ஏணி என்று எழுதியவர்கள் அதன் முதல் படியை மட்டும் பார்த்தார்கள். உள்வேலை செய்தவரின் பெயரையும் வேலையின் தொகையையும் நிறைவுக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி பிரதேச செயலாளர் பணித்தால் போதும். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை.

ஒதுக்கீடு கொடுத்துவிட்டால் தீராதா என்று கேட்பவர்கள் இந்தியாவையும் அமெரிக்காவையும் காட்டுவார்கள். அமெரிக்க மத்திய அரசு தன் முதன்மை ஒப்பந்தத் தொகையில் 23 சதவீதம் சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. இந்தியாவில் குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, பின்னைய திருத்தத்தோடு, 25 சதவீதம் என்கிறது. ஆனால் இந்திய ஆணையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சதவீதமன்று. அது சிறு நிறுவனத்தை முன்வைப்புத் தொகையிலிருந்தும் கேள்விப்பத்திரக் கட்டணத்திலிருந்தும் விடுவிக்கிறது. உள்ளே நுழையும் செலவைக் குறைக்கிறது. திருகோணமலையில் இன்றுள்ள தாள்களையும் பிணைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒதுக்கீடு செய்தால், ஏற்கெனவே பதிவுள்ள நாலைந்து பேருக்குள் போட்டி குறையும். புதியவர் ஒருவரும் உள்ளே வரமாட்டார்.

வரம்பை உயர்த்தினால் ஊழலுக்குக் கதவு திறக்கும் என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. முகவரைப் பதியும் கடமையைத் தொகையோடு கட்டிவைக்க வேண்டியதில்லை. முகவர் இருந்தால் எந்தத் தொகைக்கும் பதிவு, இல்லையென்றால் பெரிய தொகைக்கு மட்டும் பதிவு என்று பிரித்தால் சட்டத்தின் நோக்கம் இன்னும் கூர்மையாகும். மின்னணுப் பெறுகை வந்துவிட்டால் எல்லாம் தானே சரியாகும் என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை: இணையம் கொழும்புப் பயணத்தை மிச்சப்படுத்தலாம், 1987இன் தொகையைத் திருத்தாது. புதிய பெறுகை வழிகாட்டிகள் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பெறுகையைத் தனிச் சட்டமாக்க வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியத்தின் 2023 ஆளுகை மதிப்பீடும் பரிந்துரைத்தது. அத்தகைய சட்டம் வரையப்படும்போது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடாமல் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். அது கம்பனிப் பதிவாளரின் பொறுப்பு, பெறுகைக்காரரின் பொறுப்பன்று என்ற நிர்வாகப் பிரிவினையே காரணமாகப் போதும். அந்தத் தொகையை விலைச்சுட்டியோடு இணைத்து மூன்றாண்டுக்கொருமுறை மீளாயும் ஒரு பிரிவைப் புதிய வரைவிலேயே சேர்ப்பது எளிய வழி. அதிகாரிகளின் வரம்புகளுக்குத் திறைசேரி சுற்றறிக்கைகள் வழியாக ஏற்கெனவே செய்துவருவதும் கிட்டத்தட்ட இதுவே.