மேடை வகுத்த வேடமும் திரை விரித்த வேடமும்: மனோரமாவின் கலைவாழ்வு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்த் திரையின் குணச்சித்திர நடிகையரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் படப்பட்டியலோடு நின்றுவிடுகின்றன. அவர்களை உருவாக்கிய நாடக மேடை பேசப்படுவதில்லை. மேடையில் நடிகைக்கு வகுக்கப்பட்டிருந்த எல்லை திரையில் எவ்வாறு விரிந்தது என்பதை மனோரமாவின் (1937–2015) வாழ்வை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பெண் வேடத்தின் பின்புலம்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்கள் தெருக்கூத்து வழங்கும் வட்டாரத்தைச் சேர்ந்தவை. திரௌபதி அம்மன் விழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் திரௌபதி வேடம் கட்டியவர்களும் மரபாக ஆண்களே. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும் ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடம் சிறுவர்களுக்கே போனது. சுவாமிகள் புதுச்சேரியில் 13.11.1922 அன்று மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ முதலிய நாடகங்கள் ஸ்பெஷல் நாடகக்காரர்களின் பொதுச்சொத்தாயின. வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகையின்றி ஓரிரவு கூடி நடிக்க, மனப்பாடமான பாடல்களும் வகுத்துவைத்த வேடங்களுமே துணை. கே.பி. சுந்தராம்பாள் போன்ற பெண்கள் இம்மேடையில்தான் பெயர் பெற்றனர். ஆயினும் ராஜபார்ட் எனும் நாயக வேடத்துக்கு ஈடான ஸ்திரீபார்ட் வேறு, கோமாளியான பபூனோடு எதிர்ப்பாட்டும் ஆட்டமுமாக வருபவர் வேறு என்ற பிரிவு நிலைபெற்றது.

பள்ளத்தூரிலிருந்து திரைக்கு

மன்னார்குடியில் 26.05.1937 அன்று பிறந்த கோபிசாந்தாவைத் தாய் ராமாமிர்தம் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரில் வீட்டுவேலை செய்து வளர்த்தார். பன்னிரண்டு வயதளவில் மேடையேறிய அச்சிறுமிக்கு மனோரமா என்ற பெயர் நாடகத்தில்தான் அமைந்தது. எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தவரைக் கண்ணதாசன் ‘மாலையிட்ட மங்கை’ (1958) வழியே திரைக்குக் கொண்டுவந்தார். ‘கொஞ்சும் குமரி’யில் (1963) கதாநாயகியாக நடித்தபோதும் அவருக்குத் தொடர்ந்து வந்தவை நகைச்சுவை வேடங்களே.

நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் ஆகியோரோடு அவர் அமைத்த இணைகளில் பபூன்–ஆட்டக்காரி வாதின் சாயலைக் காணலாம். மேடை கொடுத்த குரல்வளமும் வட்டார வழக்கும் அவற்றுக்கு உரமாயின. 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழில் அவரே பாடினார். அதே ஆண்டு வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணியோ ஒரு நாடகக்காரியே. வாய்ச்சவடாலுக்கு அடியில் அன்புக்கு ஏங்கும் மனத்தையும் காட்டிய அவ்வேடம், சிரிப்புக்காரிக்குத் துயரமும் உண்டு என்று பார்வையாளரை ஏற்கவைத்தது. அவரது நடிப்பின் திருப்புமுனை இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதுமை தந்த வேடங்கள்

ஆட்டமும் இளமையும் கேட்கும் மேடைப் பிரிவில் வயது ஒரு தடை. திரையில் மனோரமா அதையே முதலாக்கினார். ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மா, ‘சின்னத்தம்பி’ (1991), ‘சின்னக்கவுண்டர்’ (1992) படங்களின் தாய்மார்கள் எனக் கதையைத் தாங்கும் பாத்திரங்கள் வந்தன. ‘புதிய பாதை’ (1989) சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார், 2002இல் பத்மஸ்ரீ பெற்றார், 10.10.2015 அன்று சென்னையில் காலமானார்.

இவ்வகையில் மனோரமாவோடு ஒப்பிடத்தக்க இங்கிலாந்து நடிகை மார்கரெட் ரதர்ஃபோர்டும் மேடையிலிருந்து வந்தவரே. 33 வயதில், 1925இல், லண்டன் ஓல்டு விக் அரங்கில் நடிக்கத் தொடங்கியவர், ‘தி வி.ஐ.பி.ஸ்’ (1963) படத்துக்காகத் துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். நடுத்தர வயதுக்குப் பின்னரே இருவருக்கும் பெரிய விருதுகள் வந்தன. ஆனால் ஓல்டு விக் பெயர்பெற்ற நிறுவனம். மனோரமா கற்ற இடமோ ஊர்தோறும் அலைந்த நாடக மேடை.

முடிவுரை

பாட்டு, வட்டாரப் பேச்சு, எதிராளியின் சொல்லுக்கு உடனுக்குடன் மறுமொழி என மனோரமாவின் கருவிகள் அனைத்தும் மேடை தந்தவை. சிரிப்பையும் துயரையும் ஒரே பாத்திரத்தில் இணைக்கும் வாய்ப்பே திரை தந்தது. எனவே குணச்சித்திர நடிப்பின் வரலாற்றைப் படச்சுருளிலிருந்து மட்டும் எழுதிவிட முடியாது. பெண் வேடத்தின் பழைய மரபை அறிந்த வில்லியனூர், பாகூர் வட்டாரக் கூத்துக் கலைஞர்களின் வாய்மொழி வரலாறும் அதற்குச் சான்றாதாரமே. அதைத் தொகுக்கும் பணியை ஆய்வு மாணவர்கள் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டும்.