150 டாலர் மாண்டலின்

1923 ஜூலை 9 அன்று, அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், கிப்சன் நிறுவனத்தின் லாயிட் லோர் ஒரு மாண்டலினின் வயிற்றுக்குள் ஒட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டார். எஃப்-5 ரகம், வரிசை எண் 73987. முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகை மேப்பிள். அந்த நிறுவனத்து மாண்டலின்களில் அதுவரை முட்டை வடிவில் இருந்த ஒலித்துளையை விட்டுவிட்டு, வயலினில் இருப்பதுபோல இருபக்கமும் இரண்டு துளைகளைத் திறந்தது லோர் காலத்து எஃப்-5.

அருமையான வாத்தியம். வாங்கத்தான் ஆளில்லை. ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள் இருந்த காலம் முடிந்து, ஜாஸும் பான்ஜோவும் வந்துவிட்டன. 1924-ன் முடிவில் லோர் வேலையை விட்டுப் போனார். அவர் கையெழுத்துடன் வெளிவந்த எஃப்-5 மாண்டலின்கள் சில நூறுதான்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, ஃப்ளோரிடாவின் மயாமி நகரில் ஒரு சலூனில் இந்த 73987 விற்பனைக்கு இருந்தது. விலை 150 டாலர். வாங்கியவர் கென்டக்கிக்காரர் பில் மன்றோ. நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி மேடையில் 1939 முதலே வாசித்துவந்தவர். அதுவரை அவரிடம் இருந்தது கிப்சனின் எஃப்-7. அதற்குக் கழுத்து குட்டை. எஃப்-5 கைக்கு வந்ததும் அவருடைய வாசிப்புக்கு வீச்சு கூடியது.

மாண்டலின் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் உ. ஸ்ரீநிவாஸ். அவருடையது மின்சார மாண்டலின். தந்திகள் இரட்டை இரட்டையாக இல்லாமல் ஒற்றையாக, ஐந்து. கமகம் பிடிக்க நாதம் நீண்டு நிற்க வேண்டும்; சாதாரண மாண்டலினில் அது சட்டென்று அடங்கிவிடும். மன்றோவுக்கோ அப்படி அடங்குவதுதான் தேவைப்பட்டது. அவர் குழுவில் தாள வாத்தியம் எதுவும் கிடையாது. எட்டுத் தந்திகளையும் ஒரே வீச்சில் தட்டி, அடுத்த கணமே விரலைத் தளர்த்தி ஒலியை அமுக்குவார். தாளத்தின் தட்டு விழாத இடங்களில் 'சக், சக்' என்று கேட்கும் அந்த வெட்டு, முரசின் வேலையைச் செய்தது. 1945 கடைசியில் பான்ஜோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் வந்து சேர, அந்த இசைக்கு முழு உருவம் கிடைத்தது. மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவின் பெயரே பின்னாளில் 'புளூகிராஸ்' என்று அந்த இசைக்கு நிலைத்தது.

இரவு பகலாக வாசித்த வாத்தியம் சும்மா இருக்குமா? 1950-களின் தொடக்கத்தில் கழுத்து ஒடிந்தது. கழுத்தைச் சரிசெய்து, மெட்டுகளை மாற்றி, மெருகும் பூசித் தரும்படி கிப்சனுக்கே அனுப்பினார் மன்றோ. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு கழுத்து மட்டும் ஒட்டப்பட்டுத் திரும்பி வந்தது. கோபத்தில், தலைப்பகுதியில் பதித்திருந்த 'தி கிப்சன்' என்ற எழுத்துகளில் 'கிப்சன்' என்பதைக் கத்தியால் தோண்டி எடுத்தார். சுமார் முப்பது ஆண்டுகள் அந்தக் காயத்தோடுதான் மேடை ஏறியது மாண்டலின். 1980-ல் சமாதானமாகி, நிறுவனம் அந்தப் பெயரை மீண்டும் பதித்துக் கொடுத்தது.

1985 நவம்பரில், மன்றோ இல்லாத நேரத்தில் யாரோ வீடு புகுந்து, கணப்படுப்புக் கிளறும் இரும்புக் கம்பியால், இந்த 73987 உட்பட அவருடைய மாண்டலின்களை அடித்து நொறுக்கினார்கள். பெருக்கிச் சேர்த்த சில்லுகளை வைத்துக்கொண்டு, கிப்சனில் இருந்த சார்லி டெரிங்டன் மாதக்கணக்கில் உட்கார்ந்தார். எந்தச் சில்லு எங்கே பொருந்தும் என்று உற்றுப் பார்த்து ஒவ்வொன்றாக ஒட்டினார். புது மரம் போட்டுப் புதிதாகவே செய்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் வாசித்து வாசித்துப் பழகிய அந்த மரம் போயிருக்கும். 1986 பிப்ரவரியில் மன்றோ அதை மறுபடி கையில் வாங்கினார்.

பழைய மாண்டலின் வியாபாரத்தில் சில கறாரான கணக்குகள் உண்டு. ஆதி மெருகு அப்படியே இருக்கிறதா, கழுத்து ஒடிந்து ஒட்டியதா, பலகையில் வெடிப்பு உண்டா, உதிரிகள் மாற்றியவையா என்று பார்ப்பார்கள். எல்லாம் குறையில்லாமல் இருந்தால் லோர் கையெழுத்து எஃப்-5 ஒன்று லட்சம் டாலரைத் தாண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் மன்றோவின் மாண்டலின் ஒவ்வொரு கேள்வியிலும் தோற்கும். ஆனால் நடந்ததோ வேறு. 1996-ல் மன்றோ இறந்த பிறகு, அவர் பிறந்த ரோசின் கிராமத்தில் வைப்பதற்காக ஓர் அறக்கட்டளை அதை வாங்க முயன்றது. பணம் திரட்ட முடியாமல் கைநழுவியது. 2005-ல் நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் அதை 11,25,000 டாலருக்கு வாங்கியது. சலூன் விலையைப் போல 7,500 மடங்கு. அதே ஜூலை 9 தேதியில் கையெழுத்தான மற்ற மாண்டலின்களுக்குக்கூட அந்தத் தேதிக்காகவே கூடுதல் மதிப்பு.

இருந்தாலும், இந்த மாண்டலினின் வாழ்வில் பெரிய விற்பனை அந்த 150 டாலர் விற்பனைதான் என்பேன். புதிதாக இருந்தபோது ஊர் கண்டுகொள்ளாத வாத்தியத்தை, இரண்டாங்கை விற்பனைதான் உரியவர் கையில் சேர்த்தது. அந்தக் கை படாமல் இருந்திருந்தால் பின்னால் அந்த விலையும் இல்லை.

பழைய மாண்டலின் வாங்கப் போகிறவர்கள் முதலில் தமக்கு எந்த இசை வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். கமகம் வேண்டுமென்றால் மின்சார மாண்டலினைத் தேடுங்கள். மின் இணைப்பை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கழுத்து வளையாமல் நேராக இருக்கிறதா, குதிரைக்குக் கீழே பலகை அமுங்கியிருக்கிறதா, மேல் மெட்டுகளில் சுருதி சேர்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பளபளப்புக்காகப் புது வார்னிஷ் அடிக்காதீர்கள், மதிப்பு குறையும். அலமாரியில் பூட்டி வைக்க வாங்குகிறவர் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும், தினமும் வாசிக்கப் போகிறவருக்கே கொடுங்கள்.