ஓடுகிற ரவுட்டரை மாற்ற வேண்டுமா?



"சார், வீட்டு ரவுட்டர் பழசாயிடுச்சு. ஆனா நல்லாத்தான் ஓடுது. மாத்தணுமா?" திருவாமாத்தூர் பக்கம் வரும் பழைய மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. அதற்குப் பதில் சொல்ல ஒரு சின்ன வரலாறு வேண்டும்.

ரவுட்டரும் ஒரு கணினிதான். அதற்கும் நினைவகம் உண்டு, இயங்குதளம் உண்டு. இயங்குதளத்துக்கும் வைஃபை சிப்புக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். புது சிப் வந்தால் புது டிரைவர் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்க, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது கெட்டுப்போகும் ஆபத்தும் கூடும். இந்த இழுபறிதான் கதை.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரைக் கொண்டுவந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதை 2003-ல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸைத் தன் பொருளில் வைத்து விற்பவர் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்பது உரிம விதி. அவர்கள் விடாமல் கேட்டார்கள், நிறுவனம் வெளியிட்டது. அதை வைத்து 2004-ல் பிறந்ததுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச இயங்குதளம்.

ஆனால் வைஃபை சிப்பைச் செய்த பிராட்காம், டிரைவரின் மூலநிரலைத் தரவில்லை. கிடைத்தது, திறந்து பார்க்க முடியாத ஒரு கோப்பு. அது லினக்ஸ் 2.4 கெர்னலுக்காகச் செய்தது. 2003 டிசம்பரிலேயே 2.6 வந்துவிட்டது. புதிய கெர்னலுக்குப் போனால் வைஃபை போய்விடும். போகாவிட்டால் பழசிலேயே கிடக்க வேண்டும். அதனால் 2010-ல் வந்த 10.03 பதிப்பு வரை அந்த ரவுட்டர்களுக்காகப் பழைய 2.4-ஐயும் கட்டிக் காத்தார்கள். ஒரு டிரைவருக்காக இத்தனை ஆண்டு! இதற்கிடையில், சிப் எப்படி வேலை செய்கிறது என்று வெளியிலிருந்தே ஆராய்ந்து சிலர் எழுதிய திறந்த டிரைவர் 2006-ல் லினக்ஸில் சேர்ந்தது. திறந்த டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வளரும். மூடிய டிரைவர் கெர்னலையே கட்டிப்போடும்.

பிறகு ஒரு நடுவழி கண்டார்கள். கெர்னலை நிலையான ஒரு பதிப்பில் நிறுத்திவிட்டு, வைஃபை பகுதியை மட்டும் அதைவிடப் புதிய கெர்னலிலிருந்து எடுத்துப் பொருத்துகிறார்கள். அஸ்திவாரத்தைத் தொடாமல் ஜன்னலை மட்டும் மாற்றுவது மாதிரி.

இதே இழுபறியை உங்களில் பலர் கையில் வைத்திருந்தீர்கள். 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, நினைவிருக்கிறதா? சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. அதற்கு அடிப்படை டெபியன். டெபியனில் ஒரு நிலையான பதிப்பை வெளியிட்ட பிறகு பிழைதிருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும்தான் பெரும்பாலும் நுழையும். அசைக்க முடியாத உறுதி. ஆனால் புது வன்பொருளுக்கான டிரைவர் தாமதமாகத்தான் வரும்.

ரவுட்டரில் இன்னொரு நெருக்கடியும் உண்டு: இடம். நம் வீடுகளில் பார்த்துப் பழகிய டிபி-லிங்க் 841என் ரகத்தில் பல பதிப்புகளுக்கு ஃபிளாஷ் 4 எம்.பி., ரேம் 32 எம்.பி.தான். கெர்னல் பெருக்கப் பெருக்க இடம் போதவில்லை. முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, 2020-ல் வந்த 19.07-தான் இவற்றுக்குக் கடைசி என்று நிறுத்தினார்கள். 2022-ல் அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன. கடினமான முடிவுதான். எல்லாரையும் சுமந்தால் யாருக்கும் உறுதி இருக்காது.

இப்போது கேள்விக்கு வருவோம். "ஓடுகிறது" என்பது வேறு, "பாதுகாப்பாக இருக்கிறது" என்பது வேறு. திருத்தம் நின்றுபோன ரவுட்டர் வழியாகத்தான் உங்கள் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் போய்வருகின்றன. அதனால் அட்டையில் எழுதிய வேகத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை ஆண்டு அப்டேட் வரும், ஃபிளாஷ் எவ்வளவு, ரேம் எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். பழையதில் நீங்களே மென்பொருள் ஏற்றுவதாக இருந்தால், பெட்டியின் அடியில் உள்ள மாடல் எண்ணோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். மாற்றி ஏற்றினால் பெட்டி செத்துவிடும்.

கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு, விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. அனுப்பிவையுங்கள்.

உங்கள் வீட்டு ரவுட்டருக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.