நிசெனின் பழைய நோயாளியும் இரண்டாவது ஆபரேஷனும்

நெஞ்செரிச்சல் என்றால் ஜெலுசில், மிஞ்சிப் போனால் மாத்திரை. அதற்கு ஆபரேஷனும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் பின்னால் ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது.

ருடால்ஃப் நிசென் ஜெர்மனிக்காரர், யூதர். 1933-இல் ஹிட்லர் வந்ததும் இஸ்தான்புல்லுக்குப் போய்விட்டார். 1936-இல் அங்கே ஒரு நோயாளியின் உணவுக்குழாய் அடிப்பகுதியை வெட்டி எடுத்தார். மிச்சத்தை இரைப்பையோடு இணைத்து, தையலுக்குப் பாதுகாப்பாக இரைப்பைச் சுவரையே அதன்மேல் மடித்துச் சுற்றினார். பல வருடங்கள் கழித்து விசாரித்தால், அந்த நோயாளிக்கு அமிலம் மேலேறும் தொந்தரவே இல்லை! அந்த ஞாபகத்தில்தான் 1955-இல், சுவிட்சர்லாந்தின் பாசலில், நெஞ்செரிச்சலுக்கென்றே இந்தச் சுற்றைப் போட்டார். (1948-இல் நியூயார்க்கில் ஐன்ஸ்டைனின் வயிற்றில் ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவரும் இவரே.)

சுற்று நீளமாக, இறுக்கமாக இருந்தால் சோறு இறங்காது, ஏப்பம் வராது. அமெரிக்காவில் டிமீஸ்டர் குழுவினர் 100 பேருக்குச் செய்து பார்த்து, 4 செ.மீ. சுற்றை 1 செ.மீ. ஆக்கித் தளர்த்தியதை 1986-இல் எழுதினார்கள். 1991-இல் பெல்ஜியத்தில் டல்மாஞ், இதையே வயிற்றைக் கிழிக்காமல் சின்னத் துளைகள் வழியாகச் செய்ததை வெளியிட்டார். நம் நாட்டில் 1990-லேயே மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா துளை வழியாகப் பித்தப்பையை எடுத்திருந்தார். தெற்கே இந்த வித்தையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் நம்ம கோவை டாக்டர் பழனிவேலு.

இங்கே பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு இந்த ஆபரேஷன் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மறுபடி புளிப்பு தொண்டைக்கு வருகிறது. "சார், திரும்பவும் செய்யணுமாம். முதல் தடவையே நிக்கலையே?" என்றார். பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது :-) ஆனால் பதில் நம்ம தொழிலிலேயே இருக்கிறது. கடன் வராமல் போனால், ஏன் என்று ஃபைலைப் பார்க்காமல் அடுத்த கடன் கொடுப்போமா?

சுற்று அவிழ்ந்திருக்கலாம். வழுக்கியிருக்கலாம். மார்புக்குள் ஏறியிருக்கலாம். இறுகியிருக்கலாம். முதலிலேயே நோய் வேறாகவும் இருந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எண்டோஸ்கோப்பி, பேரியம் எக்ஸ்ரே, உணவுக்குழாயின் அழுத்தச் சோதனை, தேவைப்பட்டால் 24 மணி நேர அமிலச் சோதனை எல்லாம் இதைக் கண்டுபிடிக்கத்தான்.

துளை வழியாகவே மறுபடியும் செய்யலாம்தான். ஆனால் பழைய தழும்பில் ஈரலும் இரைப்பையும் ஒட்டிக் கிடக்கும். பிரிக்கும்போது இரைப்பை ஓட்டையாகலாம், நரம்பு அடிபடலாம். முதல் தடவை அளவுக்குப் பலனும் பொதுவாக இருக்காது. அதனால் இதில் கைதேர்ந்தவரிடமே போக வேண்டும்.

நிசெனுக்கு யோசனை கிடைத்ததே பழைய கேஸைத் திரும்பிப் பார்த்ததில்தான். ஆகவே இரண்டாம் தடவை கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "முதல் தடவை ஏன் நிற்கவில்லை?" ரிப்போர்ட்டைக் காட்டிப் பதில் சொன்னால், மேலே பேசலாம்.