நாகைக் காரோணமும் நுளைப்பாடியும்

காவிரி பல கிளைகளாய்ப் பிரிந்து கடலொடு கலக்கும் சோணாட்டுக் கீழைக்கரையில், கடுவையாற்றின் கழிமுகத்தை அடுத்து அமைந்தது நாகப்பட்டினம். ஆண்டு மலையில்லை, பாறையில்லை. கலங்கள் காற்றுக்கு ஒதுங்கி நிற்றற்குரிய இயற்கை வளைகுடாவும் இல்லை. கிழக்கே மணற்கரையும், மேற்கே நெல்வயலும், இடையிடையே உப்பங்கழியுமே அதன் நிலக்கிடக்கை. ஆற்றுமுகத்தை மணற்றிட்டு அடைத்துக்கொள்ளுதலின், பெருங்கலங்கள் கரையை அணுகமாட்டாவாய்த் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் மக்களையும் படகுகளே கரைசேர்க்கும். ஐப்பசி கார்த்திகைத் திங்களில் வாடைப்பருவத்து மழையும் புயலும் வரும். 1952, 1977, 2018 ஆகிய ஆண்டுகளிற் கார்காலக் கடைக்கூற்றில் வீசிய புயல்களை இக்கரையார் மறந்திலர். இத்தகைய கரையில் ஒரு பட்டினம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர்பெற்று நிற்பது வியத்தற்குரியதே.

நகராட்சி அமைந்தது 1866இல். வடக்கே நாகூரும் அதன் எல்லைக்குட்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கட்டொகை 1,02,905. சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழும் ஊர் இது. மறைமலையடிகள் 1876இல் தோன்றியதும், இளமையிற் கல்வி பயின்றதும் இவ்வூரிலேயே என்பது சைவர் மகிழ்ந்து நினைத்தற்குரியது.

தலத்திற்குக் காரோணம் என்பது பெயர். காயாரோகணம் என்னும் வடசொல்லின் திரிபு இது என்றும், புண்டரீக முனிவர் உடம்பொடு வீடெய்தியமையின் இப்பெயர் வந்தது என்றும் தலபுராணம் கூறும். ஆராய்ச்சியாளர் கூர்ச்சரநாட்டுக் கார்வான் என்னும் ஊரையும், ஆண்டு விளங்கிய இலகுலீசரது பாசுபத மரபையும் சுட்டி, அம்மரபினர் வழியாகவே நாகை, குடந்தை, கச்சி என்னும் மூவிடத்தும் காரோணம் எய்திற்று என்பர். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இறைவி நீலாயதாட்சி, தமிழிற் கருந்தடங்கண்ணி. சத்தவிடங்கத் தலங்களுள் ஒன்றாகிய இங்கே எழுந்தருளியிருக்கும் சுந்தரவிடங்கப்பெருமானது நடனம் பாராவார தரங்கம் எனப்படும். பாராவாரம் கடல், தரங்கம் அலை. திருவாரூர்ப் பெருமானது ஆட்டம் உயிர்ப்பின் அசைவாகிய அசபையாக, நாகைப் பெருமானது ஆட்டம் அலையின் அசைவாயிற்று. கரையில் நின்று கடலை நோக்கினார்க்கு இப்பெயரின் பொருள் தானே விளங்கும்.

மூவரும் இத்தலத்தைப் பாடினர். அவருள் நம்பியாரூரர் பதிகம் தனித்து நோக்கற்பாலது. முத்துமாலையும் வயிரக்கோவையும் பட்டும் கத்தூரி கலந்த சாந்தும், ஏறிச் செல்ல விரைந்த குதிரையும் பெருமானிடம் அவர் வேண்டுகின்றார். இவற்றுட் கத்தூரியும் குதிரையும் சோணாட்டு மண்ணில் விளைவன அல்ல. துறைமுகத்தில் வந்திறங்கும் பொருள்களைக் கண்ணாரக் கண்ட தோழர், அத்துறைக்கு உடையவனிடம் உரிமையோடு கேட்ட கேள்வி அது எனின் இழுக்காது. சேக்கிழாரும் நாகையைப் பாடுமிடத்துக் கலங்கள் யானையும் குதிரையும் மணியும் துகிலும் அலையலையாய்ச் சொரிதலின், அந்நகர் கடலினும் பெரிது என்றார்.

கல்வெட்டும் செப்பேடும் இதற்குச் சான்று பகர்கின்றன. முதல் இராசராசன் காலத்திற் சிறீவிசய மன்னன் நாகையிற் சூடாமணி விகாரம் என்னும் புத்தர்கோயில் எடுப்பித்தான். சிவபாதசேகரன் எனப் பெயர் கொண்ட அச்சோழன், அப்புறச்சமயக் கோயிலுக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் என வழங்கலாயின. மறுதலையாக, சிறீவிசய மன்னனின் முகவர் காரோணத்துப் பெருமானுக்கு அணிகலனும் சீனக்கனகம் என்னும் பொன்னும் அளித்த செய்தியை, முதல் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் திருக்கோயிலிலேயே தாங்கி நிற்கின்றன. கடல்கடந்த புத்த மன்னன் சிவபெருமானுக்குப் பொன் அளித்தான். சைவ மன்னன் புத்தனுக்கு ஊர் அளித்தான். அந்நட்பு நெடிது நிலைக்கவில்லை. 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திரனது கடற்படை சிறீவிசயத்தின்மேற் சென்றது.

இவ்வாறு பொன்னும் மணியும் குவிந்த பட்டினத்தின் ஒருபுறத்தே, கடலோரமாக, வலையும் தோணியும் மீன்குவியலுமாய்க் கிடந்தது நுளைப்பாடி. துறைமுகத்தைப் பாடிய சேக்கிழார் அங்கே நின்றுவிடாமல், அப்பாடிக்குள்ளும் புகுந்து நாயனார் ஒருவரைக் காட்டினார். அவரே அதிபத்தர்.

பரதவர் தலைவராகிய அவர், தம் வலையிற் படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கு என்று நாடோறும் கடலில் விட்டு வந்தார். ஒரு காலத்து மீன்வளம் குன்றியது. ஒரு மீனே கிடைத்த நாளிலும் அதனை விட்டார். பல நாள் அவ்வாறே நிகழக் குடி வறுமையுற்றது, சுற்றம் பசித்தது, அவரும் மெலிந்தார். பின் ஒருநாட் பொன்னாலும் மணியாலும் ஆகியதொரு மீன் வலையிற் பட்டது. அன்றைக்கு அதுவே ஒரு மீன். அதனையும் கடலில் விட்டார். விடைமேற் பெருமான் வெளிப்பட்டான்.

மீன்பிடித்தல் உயிர்க்கொலையன்றோ, அத்தொழில் உடையார் அடியாராதல் எங்ஙனம் என்று வினவுவார் இன்றும் உளர். இதற்கு விடை கூறப் புகுவாருட் சிலர், நாயனாரது தொழிலை ஒரு வாய்பாடாகச் சொல்லி விரைந்து கடந்துபோவர். சேக்கிழார் அங்ஙனம் கடக்கவில்லை. பாடியை அதன் புலவு நாற்றத்தோடே காட்டினார். நம்பியாரூரரும் திருத்தொண்டத்தொகையில் அதிபத்தரை அவர் கடலொடும் ஊரொடும் சேர்த்தே வணங்கினார். கண்ணப்பர் வேட்டுவராகவே ஊனை இறைவனுக்கு ஊட்டினார். அதிபத்தர் கதை அதனினும் வேறு நுட்பம் உடையது. அவர் படைத்தது கொன்ற மீன் அன்று. உயிரோடு நீருள் மீண்ட மீன். கொலைத்தொழிலின் நடுவே, அதனுள்ளிருந்தே, கொல்லாமையை நாடோறும் ஒருமுறை செய்து வந்தார் என்க. தொழிலைத் துறந்து அடியாராகவில்லை. வலைவீசிய கையாலேயே வழிபட்டார்.

பொன்மீன் நிகழ்ச்சிக்கும் இடம் நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும். வேறோர் ஊரில் இது வியப்புக் கதையாக மட்டும் நிற்கும். கலங்கள் மணியைச் சொரிகின்ற நாகையில், விலை பேச வணிகர் கூப்பிடு தொலைவிலேயே இருக்க, பசித்த பரதவர் ஒருவர் பொன்னைக் கடலுக்கே திருப்பினார். மன்னர் அளித்த சீனக்கனகம் மிகுதியிலிருந்து அளித்தது. இவர் விட்டது இல்லாமையிலிருந்து விட்டது.

துறைமுகத்தின் பிற்கால வரலாறு விரைந்து சொல்லத்தக்கதே. போர்த்துக்கேசரிடமிருந்து ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றினர். 1690இற் சோழமண்டலக் கரையில் தமது தலைமையிடமாக்கினர். 1781இல் ஆங்கிலேயர் அதனைக் கவர்ந்தனர். 1861இல் தஞ்சைக்கு இருப்புப்பாதை இடப்பட்டது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய தமிழர் எண்ணிறந்தோர். அவருள் வயிற்றுப்பாட்டிற்காகத் தோட்டக் கூலிகளாய்ச் சென்றாரே மிகுதி. அக்கப்பல்களும் நின்றன. விகாரத்தின் எச்சமாய்க் கடலோடிகட்கு அடையாளமாக நின்ற பழங்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் செப்புப்படிமங்கள் முந்நூற்றின் மேற்பட்டவை அருங்காட்சியகங்களிற் பிரிந்து கிடக்கின்றன. விகாரம் எடுத்தார் மரபும், கோட்டை கட்டினார் மரபும் இன்று அவ்வூரில் இல்லை. நுளையர் வழியினர் உளர்.

அவர் வாழ்வு எளிதாயிற்று என்பதற்கில்லை. மீன் பெருகும்பொருட்டு ஆண்டுதோறும் சித்திரைத் தொடக்கத்திலிருந்து 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கட்டப்படுகின்றன. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், மார்கழி முழுமதியன்று காலை, சுமத்திரைக்கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் கடலோரக் குப்பங்களின் மக்கள். பெண்டிரும் சிறுவரும் மிகப் பலர். பெருமானது ஆட்டத்தை அலையின் ஆட்டம் என்று போற்றிய ஊர்க்கு அந்நாள் எத்துணைக் கொடிய சோதனை என்பதை எழுத்தாற் கூறல் இயலாது. அலை வடிந்த பின்னர் அவர்கள் அக்கடலுக்கே மீண்டும் தோணி இறக்கினர்.

ஆவணித்திங்கள் ஆயிலிய நாளில் அதிபத்தர் விழா நிகழ்கின்றது. அன்று காயாரோகணப்பெருமான் திருக்கோயிலை விட்டுக் கடற்கரைக்கு எழுந்தருள்வான். மீனவர் நாயனார் திருவுருவோடு படகேறிச் செல்வர். பொன்மீனும் வெள்ளிமீனும் உடன்செல்லும். கடலுள் வலை வீசப்படும். பொன்மீன் அகப்பட்டதாகக் கொண்டு, இறைவனுக்கென்று நீரில் விடப்படும். கரையில் பெருமானுக்கு அந்நேரம் தீபாராதனை நிகழும்.